நின்று நின்று ஓடிய லாரி

கம்ப்யூட்டர் என்றால் மடியில் வைத்துக்கொள்ளும் சாமான் என்று நினைக்கிற பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பயனில்லை. நம் வயதுக்காரர்களிடம் சொல்லலாம். மேசைக்குக் கீழே ஒரு தகரப் பெட்டி, மேலே முதுகு பிதுங்கிய மானிட்டர், அதற்கு ஓரம் தைத்த துணி உறை. மவுஸைக் கவிழ்த்து, உள்ளே இருந்த ரப்பர் உருண்டையை எடுத்து, அழுக்கை நகத்தால் சுரண்டியவர்கள் நாம். பெட்டியை ஆன் செய்துவிட்டு, அது விழித்து எழுவதற்குள் அடுப்படிக்குப் போய் டீ எடுத்து வந்தவர்கள். ஒன்பதாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில் அப்படி ஒரு பெட்டியை நான் திறந்தேன். அதன் மூளையான புராசஸரை மாற்றினேன். ஒரு விளையாட்டு நன்றாக ஓட வேண்டும் என்பதற்காகத்தான். காரணத்தை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

எங்கள் வீடு மலையாள எல்லைக்குள், கொல்லங்கோட்டிலிருந்து கோவிந்தாபுரம் போகும் சாலையை ஒட்டி இருந்தது. பாரம் ஏற்றிய லாரி போனால் அலமாரிப் பாத்திரங்கள் அதிரும். அப்பா கொல்லங்கோட்டில் ஆதாரம் எழுதுகிறவர். நிலம் கைமாறும் பத்திரத்துக்கு எங்கள் பக்கம் ஆதாரம் என்று பெயர். கையால் எழுதிய காலம் போய், எல்லோரும் அச்சில் கேட்க ஆரம்பித்தபோது, மூடிப்போன ஒரு கம்ப்யூட்டர் சென்டரிலிருந்து அப்பா அந்தப் பெட்டியை வாங்கி வந்தார். காலையில் அது அப்பாவுடையது. அவர் ஆபீசுக்குக் கிளம்பிய பிறகு என்னுடையது.

பெட்டி இருந்தது முன்னறையில். அதே அறையில் ஜன்னலோரக் கட்டிலில் அந்த வருடம் மாமா இருந்தார். அம்மாவின் ஒரே தம்பி. பொள்ளாச்சியிலிருந்து திருச்சூருக்குக் காய்கறி ஏற்றிப்போகும் லாரியைப் பதினோரு வருடம் ஓட்டியவர். குதிரான் மலை ஏற்றம் முடிந்து இறங்குகிற இடத்தில் ஒருநாள் விடியற்காலை லாரி சாலையை விட்டு விலகிக் கவிழ்ந்தது. வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மாமாவுக்கு வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்குத்தான் கொண்டுவந்தார்கள். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். அவன் எப்பவும் வேகம்தான், சொன்னால் கேட்டால்தானே. மாமா அதையெல்லாம் கேட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தவிர ஒன்பது மாதம் வாசலைத் தாண்டவில்லை. அம்மா சோற்றுத் தட்டை வைத்துவிட்டுப் போவாள். பாதி மீதியோடு எடுத்துவருவாள்.

கம்ப்யூட்டர் பத்திரிகைகளோடு ஒரு சி.டி. இலவசமாகத் தருவார்களே, ஞாபகம் இருக்கிறதா? தோழி ஒருத்தியிடம் வாங்கிய அப்படிப்பட்ட சி.டி.யில் ஒரு லாரி விளையாட்டு இருந்தது. ஏதோ வெளிநாட்டில் ஓர் ஊரிலிருந்து சரக்கு ஏற்றி இன்னோர் ஊரில் இறக்க வேண்டும், அவ்வளவுதான். சுடுவதோ குதிப்பதோ இல்லை. எனக்கு அது அலுப்பாகத்தான் இருந்தது. வேறு விளையாட்டு இல்லாததால் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, பின்னாலிருந்து குரல் வந்தது.

"கியரக் கொறை கண்ணு. எஞ்சின் அழுவுது, கேக்கலியா?"

திரும்பிப் பார்த்தேன். மாமா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"எங்கீங் மாமா கியரு?"

"அதய எங்கிட்டக் கேட்டா? பொட்டி உன்ற பொட்டி."

எந்தப் பொத்தான் கியர் என்று தேடிக் கண்டுபிடித்தோம். பிறகு நாற்காலியைக் கட்டிலோரம் இழுத்து, கீபோர்டை அவர் மடியில் வைத்தேன். மேல் அம்பு ஆக்ஸிலரேட்டர், கீழ் அம்பு பிரேக். மாமா இரண்டையும் மாறி மாறி அழுத்திப் பார்த்தார். "காலே வேண்டீதில்லியா இதுக்கு?" என்றார். அதை அவர் வருத்தமாகச் சொல்லவில்லை. விசாரிக்கிற குரலில்தான் சொன்னார்.

அதன் பிறகு மதியங்கள் அவருடையவை ஆயின. அந்த நாட்டில் வண்டிகள் வலது பக்கம் போவது அவருக்குப் பிடிக்கவே இல்லை. "தப்புப் பக்கம் போறானுங்க, எல்லாப் பயலும்" என்று திட்டிக்கொண்டே ஓட்டுவார். வேகமானவர் என்று ஊரே சொன்ன ஆள், திரையில் போட்டிருந்த வேக அளவை ஒருமுறைகூடத் தாண்டவில்லை. வளைவு வரும் முன்பே வேகத்தைக் குறைப்பார். யாரும் இல்லாத சாலையிலும் திரும்பும்போது சைகை விளக்குப் போடுவார். நான் அதைக் கவனித்தேன். ஆனால் ஊர்ப்பேச்சோடு அதை ஒப்பிட்டுப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

அப்பா ஒருநாள் சீக்கிரம் வந்தபோது மாமா ஓட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். நேராக உள்ளே போனார். அடுப்படியில் அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

"காலு போனவன் கையில லாரி வெளையாட்டக் குடுத்திருக்கறா உன்ற மக. புண்ண நோண்டறதுக்கு வேற வழி கெடைக்கலியா?"

"தட்டுல சோறு மிச்சமில்லீங்க இப்ப" என்றாள் அம்மா. அதோடு அன்றைக்குப் பேச்சு நின்றது.

தொல்லை என்னவென்றால், அந்தப் பெட்டிக்கு அந்த விளையாட்டு பாரம். நேரான சாலையில் ஓடும். மலை இறக்கத்தில் நாலைந்து வண்டிகள் எதிரே வந்தால் படம் அப்படியே உறைந்து நிற்கும். ஒரு விநாடி, சில சமயம் இரண்டு. மறுபடி அசையும்போது லாரி பள்ளத்தில் கிடக்கும். எனக்கு அது வெறும் எரிச்சல். மாமாவுக்கு அப்படி இல்லை. ஒவ்வொரு முறை உறையும்போதும் அவர் கீபோர்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார். ஒருநாள் அப்படி நின்றபோது கீபோர்டைக் கட்டிலில் வைத்துவிட்டு முகத்தைத் துடைத்தார். கழுத்தெல்லாம் வேர்வை.

"என்னங் மாமா?"

துண்டை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார். "அங்கயும் இப்பிடித்தான் கண்ணு. ஏத்தம் முடிஞ்சு எறங்க ஆரம்பிச்சது தெரியுது. ரெண்டாவது கியருல இருந்தேன், அதும் தெரியுது. அப்பறம் ஆஸ்பத்திரி லைட்டுதான். நடுவுல ஒண்ணுமே இல்ல."

கட்டிலில் கிடந்த கீபோர்டை நான் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"எல்லாரும் வேகம்னு சொல்றாங்க. நான் இல்லைன்னு சொல்றதுக்கும் எனக்குத் தெரியோணுமில்ல? இந்தப் பொட்டில ஒருக்காவாச்சும், நிக்காம, மேல இருந்து கீழ வரைக்கும் எறக்கிப் பாக்கோணும்."

அந்த வயதில் எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: பெட்டி நிற்காமல் ஓட வேண்டும்.

குற்றவாளி யார் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. படம் காட்டும் கார்டு போதவில்லையோ என்றுதான் முதலில் நினைத்தேன். படத்தின் அளவையும் தரத்தையும் ஒவ்வொன்றாகக் குறைத்தேன். மரமெல்லாம் பச்சைக் கட்டிகளாயின. எதிரே வரும் கார் எது, பாறை எது என்று தெரியவில்லை. ஆனாலும் அதே இறக்கத்தில் அதே இடத்தில் நின்றது. அப்படியானால் கார்டின் மேல் தப்பில்லை. புராசஸர் எவ்வளவு உழைக்கிறது என்று கோடு போட்டுக் காட்டும் டாஸ்க் மானேஜரை விளையாட்டின் பின்னால் திறந்து வைத்து, படம் நின்ற உடனே மாற்றிப் பார்த்தேன். பச்சைக்கோடு உச்சியில் முட்டி அங்கேயே நீளமாகக் கிடந்தது. எதிரே வரும் ஒவ்வொரு வண்டியும் எங்கே போக வேண்டும் என்று கணக்குப் போடுகிற வேலை புராசஸருடையது. அதற்கு மூச்சு வாங்கியது. மாமாவிடம் சொன்னேன்.

"அப்ப எஞ்சினு சின்னது" என்றார். "வண்டி அதேதான், எஞ்சின மட்டும் மாத்தலாமா?"

மாற்றலாம் என்று பத்திரிகையில் போட்டிருந்தது. புராசஸர் உட்காரும் மதர்போர்டின் எண்ணைப் பார்க்கப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினேன். உள்ளே பழுப்பு நிறத் தூசி, ஒரு பல்லியின் காய்ந்த வால். எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டு, "பொள்ளாச்சீல கெடைக்குமாங் மாமா?" என்று கேட்டேன். அப்பாவிடம் கேட்க முடியாது என்பது இருவருக்கும் தெரியும்.

மறுநாள் காலை அப்பா கிளம்பிய பிறகு மாமா சட்டை மாற்றிக்கொண்டு, கக்கத்தில் ஊன்றுகட்டைகளைக் கொடுத்து வாசலில் நின்றார். கையில் ஒரு பை. கவிழ்ந்த லாரியிலிருந்து கூட்டாளிகள் கழற்றிவந்து தந்து, கட்டிலுக்கடியில் வைத்திருந்த அவருடைய டேப் செட் அதில் இருந்தது. அம்மா கையில் கரண்டியோடு அடுப்படியிலிருந்து வந்து பார்த்தாள். எங்கே என்று கேட்க வாயெடுத்தவள், கேட்கவில்லை. "கொடையக் கொண்டுபோ அம்முணி, வெய்யிலு" என்று என்னிடம் மட்டும் சொன்னாள்.

பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கவாட்டில் இருந்த சீட்டைக் கண்டக்டர் ஒழித்துக் கொடுத்தார். கோவிந்தாபுரம் செக்போஸ்ட் தாண்டி, தென்னந்தோப்புகள் வழியாகப் பொள்ளாச்சி போகும் வரை மாமா வெளியே பார்க்கவே இல்லை. டிரைவரின் கால்களையே பார்த்துக்கொண்டு வந்தார். பிரேக்கிலிருந்து ஆக்ஸிலரேட்டருக்கு, மறுபடி பிரேக்குக்கு. பஸ் பிரேக் போடுகிறபோதெல்லாம் மாமாவின் மடித்துக் குத்திய பேன்ட் கால் லேசாக அசைந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மார்க்கெட் ரோட்டின் மாடிக்கடை ஒன்றில் பழைய கம்ப்யூட்டர்களைப் பிரித்து விற்றார்கள். மாமா படியில் ஒவ்வொன்றாக ஏறினார். கடைக்காரர் என் தாளை வாங்கிப் பார்த்தார்.

"இந்த போர்டுல பெருசு குந்துமுங். கைவசம் ஒண்ணு இருக்குது. ஆனா பயாஸ் பழசா இருந்துச்சுன்னா எந்திரிக்காதுங், அதைய மொதல்ல பாத்துக்கோங்க."

பயாஸ் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. மாமாவின் முன்னால் தெரியாது என்று சொல்ல வெட்கம். தலையை ஆட்டினேன். கடைக்காரர் டேப் செட்டை மேசையில் வைத்து ஒயர் கொடுத்துப் பாட விட்டார். நல்ல கனமான சத்தம். "குடுக்க மனசிருக்குதுங்களா?" என்று மாமாவைக் கேட்டார். மாமா செட்டின் பொத்தானை ஒருமுறை திருகி அணைத்துவிட்டு, "எடுத்துக்கோங்" என்றார். பதிலுக்கு எங்களுக்குக் கிடைத்தது, பஞ்சில் பொதிந்த, தீப்பெட்டியைவிடச் சின்னதான ஒரு சதுரம். கீழ்ப்புறம் தங்க நிற ஊசிகள், நானூற்றுச் சொச்சம். அதன் மேல் தடவ, பிளாஸ்டிக் தாளில் மடித்த வெள்ளைப் பசை கொஞ்சம். கடை டெலிபோன் நம்பர் எழுதிய சீட்டு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் அம்மாவும் பக்கத்துச் சித்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனார்கள். முன்னறைத் தரையில் பழைய பேப்பரை விரித்துப் பெட்டியைப் படுக்க வைத்தேன். மாமா கட்டிலிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தார்.

பழைய புராசஸரின் மேல் சூட்டை ஆற்றும் கனமான அலுமினியத் தொகுப்பும் ஃபேனும் இருந்தன. கொக்கிகளை விடுவித்தேன். தொகுப்பு அசையவில்லை. இரண்டுக்கும் நடுவில் பசை காய்ந்து கெட்டித்துப் போயிருந்தது.

"சித்த நேரம் ஓட விட்டுச் சூடு பண்ணீட்டுத் திருவி எடுக்கலாம் கண்ணு. ஆறுன எஞ்சினுல அப்பிடியே இழுத்தா வராது" என்றார் மாமா.

"வந்துருமுங்" என்று சொல்லி நேராக மேலே இழுத்தேன்.

வந்தது. புராசஸரையும் பிடுங்கிக்கொண்டு வந்தது. மாமா அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். ஓரத்து ஊசிகளில் ஏழெட்டு சாய்ந்து, ஒன்றிரண்டு ஒன்றன்மேல் ஒன்று படுத்திருந்தன. பழசு போனால் என்ன, புதுசு இருக்கிறதே என்று சொல்லிக்கொண்டே புதியதைப் பொருத்தினேன். பசை தடவி, தொகுப்பை மாட்டி, பொத்தானை அழுத்தினேன். ஃபேன் சுற்றியது. மானிட்டரில் ஆரஞ்சு விளக்கு மினுக்கியது. வேறு ஒன்றும் வரவில்லை. மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் அதே கறுப்பு.

அப்போதுதான் எனக்கு மறுநாள் காலை பத்து மணிப் பத்திரப்பதிவு ஞாபகம் வந்தது. வயதான அண்ணன் தம்பி இரண்டு பேர், பல வருடமாகப் பேசிக்கொள்ளாதவர்கள், ஒருவழியாகப் பாகம் பிரிக்கச் சம்மதித்திருந்தார்கள். அந்த ஆதாரத்தை அப்பா மூன்று வாரமாக அடித்துத் திருத்திக்கொண்டிருந்தார். அது பெட்டிக்குள் இருந்தது. வேறு பிரதி கிடையாது. நான் அழ ஆரம்பித்தேன்.

"அழுதா ஊசி நிமுருமா?" என்றார் மாமா. "அந்த மைக்ரோ பென்சிலு குடு. உள்ள இருக்கற லெட்ட எடுத்துப்போட்டுக் குடு."

குப்புறப் படுத்து, கரிக்குச்சி எடுத்த வெறும் பென்சிலின் ஓட்டையைப் பழைய புராசஸரின் ஒரு ஊசி மேல் கவிழ்த்து, மூச்சை அடக்கி, மயிரிழை மயிரிழையாக நிமிர்த்தினார். பாரம் ஏற்றிய லாரியைத் திருப்பிய கைகள் அவை. நான்காவது ஊசியில் இருந்தபோது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. வெயில் தாங்கவில்லையென்று அப்பாவும் அம்மாவும் சாப்பிட்ட கையோடு கிளம்பியிருந்தார்கள்.

அப்பா வாசற்படியில் நின்று பார்த்தார். திறந்து கிடக்கும் பெட்டி, அழுது வீங்கிய முகத்தோடு நான், தரையில் கவிழ்ந்து படுத்திருக்கும் மச்சினன். "என்ன இது?" என்றார். நான் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன், குதிரான் இறக்கத்தைத் தவிர. மாமா தலையைத் தூக்கவில்லை. "என்ற தப்புதானுங்க மச்சான். புள்ளைய ஒண்ணுஞ் சொல்லாதீங்க" என்றார்.

அப்பா உள்ளே போனார். கோபத்தில் போகிறார் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது கையில் பூதக்கண்ணாடி இருந்தது. அழிந்துபோன பழைய ஆதாரங்களைப் படிக்க வைத்திருப்பது. கல்யாண வேட்டி கசங்கத் தரையில் உட்கார்ந்து அதை மாமாவின் கைக்கு மேல் பிடித்தார்.

"மூணாவது வரி மாப்ளே. அதுல அஞ்சாவது. இல்ல, அதுக்கு இந்தால பக்கம். ம், அதேதான்."

இருவரும் ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படி இருந்தார்கள். அம்மா மோர் கொண்டுவந்து வைத்தாள்; யாரும் தொடவில்லை. கடைசியில் பழைய புராசஸரை நானே இறக்கினேன். தானாக விழுந்து உட்கார்ந்தது. பொத்தானை அழுத்தியதும் அந்த ஒற்றை பீப் சத்தம் வந்தது. உங்களுக்கெல்லாம் அது தெரியும். அதைவிட இனிமையான சத்தம் அந்த வருடம் நான் கேட்கவில்லை. அப்பா உடனே பாக ஆதாரத்தைத் திறந்து அச்சடித்தார். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கரகரவென்று தாளைத் தள்ளித் தள்ளி முடித்தது. பக்கங்களைச் சரிபார்த்துவிட்டு என்னைப் பார்த்து, "இனி இந்தப் பொட்டி மேல ஒரு கை படக்கூடாது" என்றார்.

படவில்லை. பத்து நாள் விளையாட்டும் இல்லை. மாமா மறுபடி சுவர் பக்கம் திரும்பிப் படுப்பார் என்று பயந்தேன். அவர் திரும்பவில்லை. பதினோராம் நாள் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கட்டைகளை ஊன்றி அடுப்படி வாசலுக்கு வந்தார்.

"மச்சான், இந்த ஊட்டுக்கு வந்ததுல இருந்து நான் எதும் கேட்டதில்லீங்க. அந்த எஞ்சின ஒருக்கா போட்டுப் பாக்கலாமுங்க. வேண்டாம்னா செரீங்."

அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். பிறகு என்னைக் கேட்டார், "அன்னைக்கு ஏன் எந்திரிக்கல?"

அதற்குள் நான் கடைக்காரருக்குப் போன் செய்து, வெட்கத்தை விட்டுக் கேட்டிருந்தேன். பெட்டி விழிக்கும்போது முதலில் ஓடுகிற சின்ன நிரல்தான் பயாஸ்; அது பழசாக இருந்ததால் அதற்குப் புதிய புராசஸரை அடையாளம் தெரியவில்லை. பழைய புராசஸர் இருக்கும்போதே அதைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். கொல்லங்கோட்டு பிரவுசிங் சென்டரில் நெட்டிலிருந்து புதியதை இறக்கி ஃப்ளாப்பியில் எடுத்துவர வேண்டும். புதுப்பிக்கிற சில நிமிடத்தில் கரண்ட் போனால் போர்டு செத்துப்போகும். பிறகு எதைப் போட்டாலும் எழாது. இதை நான் மறைக்கவில்லை.

அப்பா கை கழுவிவிட்டு வந்தார். முதல் வேலையாகத் தன் ஆதாரங்களையெல்லாம் தனித்தனி ஃப்ளாப்பியில் எடுத்துத் தரச் சொன்னார்.

அந்தச் சனிக்கிழமை நெல்லியாம்பதி மலைப்பக்கம் மேகம் திரண்டிருந்தது. கோடைமழை வந்தால் கரண்ட் போவது நிச்சயம். மாமா கரண்ட் ஆபீசுக்குப் போன் செய்து மலையாளத்தில் கேட்டார். "சாரே, ஒரு அரை மணிக்கூர் கரண்டு போகுமோ?" அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதிலை எங்களுக்குச் சொன்னார்: "மழ வந்நில்லெங்கில் குழப்பமில்லா"வாம், மழை வராவிட்டால் பயமில்லையாம். அப்பா வீட்டிலிருந்த ஃபேன், ஃபிரிட்ஜ், எல்லாவற்றையும் அணைத்தார். அம்மாவிடம் மிக்ஸி பக்கம் போகாதே என்றார். நான் ஃப்ளாப்பியைச் செருகினேன். திரையில் வெள்ளைக் கட்டங்கள் ஒவ்வொன்றாக நிறையத் தொடங்கின.

நாலு நிமிடம் இருக்கும். நாங்கள் நால்வரும் அந்தப் புழுக்கத்தில் அசையாமல் இருந்தோம். அப்பா மீட்டர் பெட்டிக்குக் கீழே, கரண்டைக் கையால் பிடித்து நிறுத்துகிறவர்போல் நின்றார். பாதியில் ஒரு லாரி போய்ப் பாத்திரங்கள் அதிர்ந்தன. அம்மா ஓடிப்போய் அலமாரியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஏன் பிடித்தாய் என்று பிறகு கேட்டதற்கு, எனக்கென்ன தெரியும், எது ஆகும் எது ஆகாதுன்னு என்றாள். கடைசிக் கட்டம் நிறைந்தபோது கூரை ஓட்டில் முதல் தூறல் விழுந்தது.

இந்தமுறை சூடாக இருக்கும்போதே திருகினேன். வழுக்கிக்கொண்டு வந்தது. புதியது உட்கார்ந்தது. பெட்டி விழித்தபோது திரையின் மேல் வரியில் அதன் பெயரும் பெரிய எண்ணும் ஒரு கணம் தெரிந்து மறைந்தன.

மழை விட்ட பிறகு மாமா ஓட்டினார். மலையின் உச்சியில், சரக்கு லாரியின் ஸ்டியரிங்குக்குப் பின்னால். கீழே வளைந்து இறங்கும் சாலை. எதிரே வண்டிகள் ஏறி வந்தன. ஒன்று, மூன்று, ஆறு. வழக்கமாக உறையும் வளைவு வந்தது. படம் நிற்கவில்லை. வளைவு, பாலம், அடுத்த வளைவு. மாமாவின் விரல் கீழ் அம்பை லேசாகத் தொடுவதும் விடுவதுமாக இருந்தது. ஒரு கார் எதிரே பாதி சாலையை மறித்து முந்தி வந்தது. மாமா ஓரம் ஒதுங்கி, நிதானித்து, மறுபடி சாலைக்கு வந்தார். அடிவாரம் வந்ததும் விளக்குப் போட்டு ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்தினார்.

மறுபடி மேலே போய் இன்னும் இரண்டு முறை இறங்கினார். பிறகு கீபோர்டை என்னிடம் தந்தார்.

"போதும் கண்ணு."

அதோடு அவர் அந்த விளையாட்டைத் தொடவே இல்லை.

எனக்கு அப்போது வந்த கோபத்தை மறைக்க மாட்டேன். இத்தனை பாடும் மூன்று இறக்கத்துக்கா? அம்மா வேறு மாதிரி பயந்தாள். ஆசைப்பட்டது கிடைத்ததும் பிடிப்பு விட்டுப்போச்சோ என்று அப்பாவிடம் முணுமுணுத்தாள். அப்பா, நான் அன்றைக்கே சொன்னேனே என்றார். மாமாவோ அப்பாவின் பிழையான அச்சுத்தாள்களின் பின்பக்கத்தில் ஏதோ வரைந்துகொண்டிருந்தார். கேட்டால் சொல்லவில்லை. ஒருநாள் அப்பா அந்தத் தாளொன்றைக் கையில் எடுத்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே இரண்டு கம்பிகள். ஒன்றைத் தள்ளினால் பிரேக், இன்னொன்றை இழுத்தால் ஆக்ஸிலரேட்டர்.

"இதென்ன மாப்ளே?"

"கையிலயே புடிக்கலாமுங்க மச்சான். ரெண்டு மாசமா இந்த ஊட்டுல உக்காந்துட்டு நான் அதைத்தானுங்க பண்ணீட்டு இருந்தேன். கிளச்சுக்கு எடது காலு இருக்குது."

நாங்கள் மூவரும் பார்த்துக்கொண்டிருந்தது ஒன்று, அவர் செய்துகொண்டிருந்தது வேறு. அவரை அந்தப் பெட்டி வீட்டுக்குள் கட்டிப்போடுகிறது என்று அப்பா நினைத்தார். பொழுது போகிறது என்று அம்மா நினைத்தாள். இறக்கத்தைத் தாண்டினால் தீர்ந்தது என்று நான் நினைத்தேன்.

பொள்ளாச்சியில் ஒரு பட்டறையில் பழைய வேன் ஒன்றுக்கு அந்தக் கம்பிகளைப் பொருத்தினார்கள். லைசென்ஸுக்கு நாலைந்து முறை அலைய வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் மனுவை எழுதியது அப்பா. மாமா அந்த வேனில் கோவிந்தாபுரம் பக்கத் தோட்டங்களில் காய் வாங்கி நெம்மாறாவில் விற்கத் தொடங்கினார். குதிரானில் அந்த நடுவில் என்ன நடந்தது என்று கடைசி வரை அவருக்கு ஞாபகம் வரவில்லை. வருடங்கள் கழித்து ஒருமுறை நான் கேட்டபோது, "தெரியல கண்ணு. தெரியாமயே இருந்துக்கறேன்" என்றார். அந்தப் பெட்டியை நான் கல்லூரிக்குப் போன வருடம் பழைய இரும்பு வாங்கும் ஆக்கர் கடைக்காரன் எடை போட்டு எடுத்துப்போனான்.

வேன் வந்த புதிதில் அம்மா அதில் ஏற மாட்டாள். எதையாவது சொல்லித் தட்டிக்கழிப்பாள். பஸ் இருக்கிறதே என்பாள். அம்மாவுக்குக் கண்ணில் சதை வளர்ந்து, பொள்ளாச்சி டாக்டரிடம் போக வேண்டியிருந்த நாளில் பஸ் ஸ்டிரைக். வேறு வழியில்லாமல் முன் சீட்டில் ஏறினாள். நான் பின்னால் காலிக் கூடைகளோடு உட்கார்ந்திருந்தேன். கிளம்பியதும் கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மாமா கையால் பிரேக் பிடிப்பதையும் விடுவதையும் பார்த்துக்கொண்டே வந்தாள். "மெதுவா சாமி" என்று இரண்டு முறை சொன்னாள். இரண்டு முறையும் மாமா "செரீங்க்கா" என்றார். அவர் ஏற்கெனவே மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தார்.

செக்போஸ்ட் தாண்டியதும் பேச்சு நின்றது. முன்னால் எட்டிப் பார்த்தேன். அம்மாவின் கை பிடியிலிருந்து நழுவி மடியில் கிடந்தது. தலை கதவுக் கண்ணாடியில் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்து, நல்ல தூக்கம். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்து வழி கேட்டது. மாமா பதிலுக்கு ஹாரன் அடிக்கவில்லை. கையைக் காட்டி அதை முன்னே போகவிட்டு, அக்காவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, சாலையைப் பார்த்து ஓட்டினார்.